மூடியில் உள்ள மூன்று எழுத்து



உங்களில் பலர் ஆட்டோ, ஜீப், வேன் ஓட்டுகிறீர்கள். இன்று பிரேக் ஆயிலைப் பற்றிப் பேசுவோம்.

பெயர்தான் ஆயில். அது எண்ணெய் அல்ல. பெரும்பாலும் கிளைக்கால் என்ற வேதிப்பொருளில் செய்த திரவம். அது குறைந்தால் சிலர் என்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள். என்ஜின் ஆயில் பட்டால் பிரேக்கின் ரப்பர் வாஷர்கள் உப்பிக் கெட்டுவிடும். பிறகு பிரேக் பிடிக்காது.

மழைக்காலத்தில் உப்பு நீர்த்துப் போகிறது அல்லவா? கிளைக்கால் திரவமும் அப்படித்தான். காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். சிம்லா, டார்ஜிலிங் போன்ற மலைப்பாதையில் இறங்குகிறீர்கள். அடிக்கடி பிரேக் போடுகிறீர்கள். சக்கரத்தில் சூடு ஏறுகிறது. திரவம் கொதித்து உள்ளே ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. அப்போது மிதித்தால் குமிழ்தான் அமுங்கும். மிதி தரைவரை போகும். வண்டி நிற்காது.

ஆகவே எந்த வகை என்று பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் டி, ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதை ‘டாட்’ என்று படிக்க வேண்டும். பக்கத்தில் ஓர் எண் இருக்கும்.

டாட் 3: புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. நூறு பங்கில் நான்கு பங்குக்கும் குறைவான நீர் சேர்ந்தாலே, 140 டிகிரியில் கொதிக்கக்கூடும்.

டாட் 4: புதியது 230 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறினால் 155.

டாட் 5.1: புதியது 260. ஈரம் ஏறினால் 180.

டாட் 5: இது சிலிக்கோனில் செய்தது. மற்ற மூன்றோடும் இதைக் கலக்கவே கூடாது. 5, 5.1 இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். ஒரு புள்ளியும் ஓர் எண்ணும்தான் கூடுதல். ஆனால் பொருள் வேறு. கடையில் வாங்கும்போது எண்ணை முழுவதும் படியுங்கள்.

மூடியில் டாட் 4 என்று இருந்தால் டாட் 3 ஊற்றாதீர்கள். நெடுநாள் திறந்து கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றாதீர்கள். பல வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் வண்டிக்கு எப்போது என்று கையேட்டில் பாருங்கள். அளவு திடீரென்று குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஊற்றிக்கொண்டே ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மெக்கானிக் ஊற்றினாலும் டப்பாவை வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள். வண்டியில் நீங்கள் மட்டுமா போகிறீர்கள்? உங்களை நம்பி ஏறியவர்களும் இருக்கிறார்கள்.