மூக்கடைப்பும் நெற்றிப் பாரமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தீபாவளி கழிந்துவிட்டால் தில்லியில் நம்மவர் இல்லங்களில் மூக்கடைப்பு இல்லாத வீடு அரிது. குளிரும் மூடுபனியும் புகையும் ஒருங்கே கூடுங் காலம் அது. நெற்றி கனக்கிறது, கன்னம் வலிக்கிறது, குனிந்தால் பாரம் மிகுகிறது. நம் முன்னோர் இதனைப் பீனிசம் என்றனர். டாக்டர்கள் சைனஸ் என்கின்றனர். நாம் வைத்தியம் கற்றவரல்லோம். ரயில்வே ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர். எனினும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை நம் குடும்பங்களுக்குக் கூறுதல் பயனுடையது எனக் கருதுகிறோம்.

முகத்தெலும்புகளுக்குள் நெற்றி, கன்னம், கண்களின் நடுவிடம், அதன் பின்புறம் என நான்கு ஜோடிக் காற்றறைகள் உள்ளன. அவற்றில் ஊறும் சளி சிறு துவாரங்கள் வழியே மூக்கினுள் வடிகிறது. ஜலதோஷத்தால் உட்சவ்வு வீங்கினால் அத்துவாரங்கள் அடைபடுகின்றன. யார்டிலிருந்து வெளியேறும் லைன் அடைபட்டால் வண்டிகள் உள்ளே தேங்குவதை நாம் அறியோமா? அதுபோன்ற தேக்கமே இப்பாரம்.

முதலாவது, ஆவி பிடித்தல். நொச்சியிலையை ஊரிலிருந்து தருவிக்க வேண்டியதில்லை. இங்குள்ளோர் நிர்குண்டி என்பதும் அதுவே. ஆவி சற்று நேரம் சுகந்தரும், நோயை வேரறுக்காது. கொதிநீர்ப் பாத்திரத்தின்முன் குழந்தையை உட்கார்த்திப் போர்வையால் மூடுதல் கூடவே கூடாது. பாத்திரம் கவிழ்ந்தால் உடல் வெந்துவிடும். மஞ்சட்கொம்பைச் சுட்டுப் புகை பிடிப்பதும் வழக்கம். புகையால் முன்பே நொந்த மூக்கிற்கு அது ஆகாது.

இரண்டாவது, உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல். அரை லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் போதும். அந்நீர் கொதித்து ஆறியதாகவே இருத்தல் வேண்டும். கொதிக்காத நீரில் அரிதாகக் காணப்படும் ஒருவகை அமீபா, மூக்கின் வழியே மூளையை அடைந்து உயிரையே வாங்கிவிடும்.

இனி மருந்துகள். வலிக்குப் பாரசிட்டமால் நன்று. ஆனால் ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் அதுவே கலந்திருப்பதால் அளவு மீறாதிருக்கக் கவனம் தேவை. 16 வயதுக்குட்பட்டோர்க்கு டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுத்தலாகாது. அடைப்பை நொடியில் திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்துகளை 5 நாட்களுக்கு மேல் தொடரலாகாது. தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். பின்னர் அச்சீசாவைத் தலையணையடியில் வைக்காமல் உறங்க இயலாது. இரத்தக் கொதிப்புடையோர் டாக்டரைக் கேட்டே இவற்றை வாங்குதல் வேண்டும். ஆன்டிபயாடிக் மாத்திரைகளையும் கடையில் தாமே கேட்டு வாங்கலாகாது. பெரும்பாலும் இந்நோய் வைரஸால் வருவது, அவை வைரஸைக் கொல்லா.

பத்து நாட்களாகியும் தணியாவிடினும், தணிந்து மீண்டும் மிகுந்தாலும் டாக்டரிடம் செல்க. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டித்தல், கடுங்காய்ச்சல், கழுத்து விறைப்பு ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதியாதீர். லீவு போகுமே என எண்ணற்க.

இன்னொன்று: தலைவலியெல்லாம் சைனஸ் அன்று. மூடிய அறையில் கரி அங்கீட்டி எரிந்து, அங்கிருப்போர்க்குத் தலை வலித்தால் அது நச்சு வாயுவின் குறியாகலாம். உடனே கதவைத் திறந்து வெளியேறுக.

ஊரில் பாட்டி சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டாள். இரவில் விழித்திருந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இங்கே தனியறையில் தங்கி வேலை செய்யும் இளைஞர்க்கு அவ்வாறு பார்ப்பார் யார்? இக்குளிர்காலத்தில் அடுத்த வீட்டிற் கதவு திறவாதிருந்தால் ஒருமுறை தட்டிக் கேட்போமாக. கொதித்தாறிய நீர் ஒரு செம்பு கொடுப்பதும் சங்கத்தின் பணியே.