அவள் ஓடவில்லை



சில ஆண்டுகளுக்கு முன் நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் தாழ்வாரத்தில் புதிதாக டைல்ஸ் பதித்தோம். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். முதல் மழை நாளில், சத்துணவுத் தட்டைக் கழுவிக்கொண்டு வந்த நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பதறி வந்த தாயிடம் நான் முதலில் சொன்னது, "ஓடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கோம்மா" என்பதுதான். வலியோடு அந்தக் குழந்தை, "நான் ஓடலை சார், நடந்துதான் வந்தேன்" என்றாள்.

அந்தச் சொல்தான் என்னைத் தரையைப் பற்றிப் படிக்க வைத்தது.

தரை எவ்வளவு வழுக்கும் என்பதை அளக்க ஊசல் கருவி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1940களில் உருவாகி, பிரிட்டனில் சாலைகளைச் சோதிக்க மேம்படுத்தப்பட்டது. ஊசலின் நுனியில், செருப்பின் குதிகால் போல ஒரு ரப்பர்த் துண்டு இருக்கும். மேலிருந்து விட்டால் அது தரையை உரசிக்கொண்டு மறுபக்கம் எழும். தரை நன்றாகப் பிடித்தால் ஆற்றல் இழந்து குறைவாக எழும்; வழுக்கினால் உயர எழும். இயற்பியல் ஆசிரியர்களுக்கு இது நல்ல பாடம்! பிரிட்டனின் வழிகாட்டுதல்படி, அளவு 36 அல்லது அதற்கு மேல் இருந்தால் வழுக்கும் வாய்ப்புக் குறைவு; 25 முதல் 35 வரை நடுத்தரம்; 24 வரை என்றால் அதிகம். வெறுங்காலுடன் நடக்கும் இடங்களுக்கு இன்னும் மென்மையான ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள்.

முக்கியமானது, தரையை நனைத்தும் சோதிக்கிறார்கள் என்பதே. உலர்ந்திருக்கும்போது பெரும்பாலான தரைகள் தேறிவிடும். நீர் பட்டதும் காலுக்கும் தரைக்கும் இடையே மெல்லிய படலம் உருவாகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சொரசொரப்பு அந்தப் படலத்தைத் துளைத்துக் காலைப் பிடிக்க வேண்டும். வழுவழுப்பான தரையில் அது இல்லை. எண்ணெய் சிந்தும் சமையல் கூடத்துக்கு இன்னும் அதிகச் சொரசொரப்புத் தேவை.

கருவி இல்லாத நாம் என்ன செய்யலாம்? மழை நாளிலும் உணவு இடைவேளையிலும் ஒரு சுற்று நடந்து, ஈரம் தேங்கும் இடங்களைக் குறியுங்கள். மணி அடிப்பதற்கு முன்பே தரை துடைத்து உலர்ந்திருக்கட்டும். சோப்பு நீரை நன்றாக அலசிவிடச் சொல்லுங்கள். யார் விழுந்தாலும் இடம், நேரம், ஈரமா என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்தால் குறை குழந்தையிடம் இல்லை. புதிய தரை போடும்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் விலையும் நிறமும் மட்டும் பேசாமல், "ஈரத்தில் இதன் அளவு என்ன?" என்று விற்பவரிடம் கேளுங்கள்.

கைகழுவும் இடத்திலிருந்து வகுப்பறை வரை அந்த டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, சொரசொரப்பான சிமெண்டுத் தரை போட்டோம். பளபளப்பு போனது. கட்டுப் பிரித்துத் திரும்பி வந்த அந்த மாணவியிடம், "தப்பு உன்மேல இல்லைம்மா" என்றேன். அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.