குடும்பக் கணக்கும் விரிதாளும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் கணிப்பொறியைப் பற்றிப் பேச எழுந்தமை சிலர்க்கு நகை விளைக்கலாம். நம் சங்கத்துக் குடும்பக் கணக்கெடுப்புத் தாள்களை என்னிடம் ஒப்படைத்துத் தொகுத்துத் தருமாறு பணித்த ஞான்று எனக்கும் நகையே விளைந்தது. கற்பிப்பார் அருகில் இன்மையால் யானே கற்கலாயினேன்.

விரிதாள் என்பது நிரைகளும் பத்திகளும் குறுக்கிட்டு உண்டாகும் கட்டங்களாலாய ஏடு. 1979ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய விசிகால்க் என்பது இவ்வகையில் வழிகாட்டி. பின்னர் வந்ததே யாவரும் அறிந்த எக்செல். லிபர்ஆபிஸ் கால்க் என்பது விலையின்றியே கிடைக்கின்றது. யான் பயின்றது அதிலேதான். கட்டத்துள் சமக்குறியிட்டு எழுதுவதைச் சூத்திரம் என்பர். அப்பெயரைக் கேட்டதும் பாதி அச்சம் நீங்கிற்று! ஒவ்வொரு சூத்திரத்தையும் முதலில் பத்து நிரைகளில் இட்டு, அதே கணக்கைக் கையாற் போட்டு ஒப்பிட்ட பின்னரே பெரிய ஏட்டிற் கையாண்டேன்.

தொழிற் பத்தியில் ‘கூலி’, ‘கூலி வேலை’, ‘கூலித்தொழில்’ என மூவகையாய் எழுதிவிட்டேன். பொறி அவற்றை மூன்று தொழில்களாக எண்ணிற்று. பொருள் ஒன்றென உணர்த்த அதற்கு உரையாசிரியர் இலர். பின்னரே, விடைகளை முன்கூட்டிப் பட்டியலாய் வகுத்து, அவற்றுள் ஒன்றையே தெரிந்தெடுக்குமாறு கட்டத்தை வரையறுக்கக் கற்றேன். ‘மகன் 12ஆம் வகுப்பு, மகள் பி.ஏ.’ என ஒரே கட்டத்தில் எழுதுதலும் ஆகாது. ஆள் ஒருவர்க்கு நிரை ஒன்று வேண்டும். வருமானம் கூறாதார் கட்டத்தைச் சுழியத்தால் நிரப்பற்க. சராசரி காணுஞ் சூத்திரம் வெற்றுக் கட்டத்தை விலக்கும், சுழியத்தையோ சேர்த்துக்கொள்ளும். நம்மவர் உள்ளதினும் வறியராய்த் தோன்றுவர்.

இனி, என் பெரும்பிழையைக் கூறுவேன். உதவித்தொகைக்குரிய மாணாக்கரைக் கண்டறிய வருமானப் பத்தியை மட்டும் தெரிந்து ஏறுவரிசைப்படுத்தினேன். அடுத்த பத்திகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என மென்பொருள் வினவிற்று. யான் படியாமலே மறுத்துவிட்டேன். பெயர்கள் நின்றவிடத்தே நிற்க, வருமானங்கள் மட்டும் இடம்பெயர்ந்தன. ஏடோ பார்வைக்கு முன்னினும் ஒழுங்காயிருந்தது! கணவனை இழந்து இட்டிலி விற்றுப் பிழைக்கும் ஓர் அம்மையாரின் மகன், வருமானம் மிக்கோன் எனப் பட்டியலின் அடியில் நின்றான். அக்குடும்பத்தை அறிந்த நம் பொருளாளர் ஐயுற்று வினவினார். வினவாதிருந்தால் அப்பிள்ளையின் கல்லூரிச் சம்பளம் வேறொருவர்க்குப் போயிருக்கும். யானும் அதனை அறிந்திரேன். மூலத் தாள்கள் கையில் இருந்தமையால் இரண்டு இரவுகளில் திருத்தினேன். இப்பொழுது எதையும் தொடுமுன் ஏட்டிற்குப் படியொன்று எடுத்து வைக்கின்றேன்.

பெரியோரும் இதில் இடறியதுண்டு. 2020ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், 65,536 நிரைகளுக்கு மேற்கொள்ளாத பழைய எக்செல் வடிவைக் கையாண்டமையால், ஏறக்குறைய 16,000 கொரோனா நோயாளர் கணக்கில் விடுபட்டனர். அவரோடு பழகினாரைத் தேடி எச்சரித்தலும் தாழ்த்தது.

ஒவ்வொரு குடும்பத்தார்க்கும் அவரவர் நிரையை மட்டும் அச்சிட்டுக் கொணர்ந்துள்ளேன். பிறர் வருமானம் பிறர்க்குத் தெரியாது. கூட்டம் முடிந்தவுடன் வாயிலருகே பெற்றுப் படித்து, பிழை காணின் சிவப்பு மையால் திருத்தி, இன்றே என்னிடம் தருமாறு வேண்டுகின்றேன்.