டர்போ காரில் காற்று வெப்ப சென்சார்: இடம் மாற்றலாமா?

(நம் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் கார் நிறுத்துமிடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தால் உங்களுக்கே தெரியும். மேக்னைட், கைகர், வென்யூ, நெக்ஸான், ஃப்ரான்க்ஸ் என்று சின்ன டர்போ பெட்ரோல் வண்டிகள் நிறைய வந்துவிட்டன. முதல் மூன்றும் நம் ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தயாரானவை. அதனால்தான் நம் வாட்ஸ்அப் குழுவில் "ஐ.ஏ.டி. சென்சாரை இடம் மாற்றினால் பிக்கப் கூடுமாமே, செய்யலாமா சார்?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே தடவையாகப் பேசிவிடுங்கள் என்று செயலாளர் சொன்னார்.

ஐ.ஏ.டி. சென்சார் என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் ஒரு சின்ன சாமான். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். உள்ளே ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பாஷ் கம்பெனியின் வழக்கமான சென்சாரில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும், 80 டிகிரியில் சுமார் 320 ஓம். இந்த மாற்றத்தைப் பார்த்துத்தான் காரின் கம்ப்யூட்டர், அதாவது ஈ.சி.யு., காற்று எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்கிறது. எவ்வளவு பெட்ரோல் விடுவது, ஸ்பார்க்கை எப்போது கொடுப்பது என்ற இரண்டு முடிவுகளிலும் இந்த எண்ணுக்குப் பங்கு உண்டு.

டர்போ வண்டிக்கு மட்டும் இது ஏன் இவ்வளவு முக்கியம்? சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும். டர்போவும் அதைத்தான் செய்கிறது. மே மாதம் நெய்வேலியில் வெளியே 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். டர்போ அந்தக் காற்றை 1.8 மடங்கு அழுத்துகிறது, அதன் திறன் 70 சதவீதம் என்று கணக்குப் போட்டால் டர்போவிலிருந்து வெளியேறும் காற்று ஏறக்குறைய 120 டிகிரி. இன்டர்கூலர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அது 65 டிகிரிக்கு இறங்கும். ஆக ஒரே நேரத்தில், ஒரே காரில், ஃபில்டர் பக்கம் 40, டர்போ வாயில் 120, இன்டர்கூலர் தாண்டி 65. சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஈ.சி.யு.வுக்குக் கிடைக்கும் செய்தியே வேறு.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். நானும் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் இருந்தவன்தான். பெரிய காற்றுக் குழாயில் ஒரே ஒரு தெர்மோகப்பிளை வைத்துவிட்டு அது சொல்வதை நம்புவோமா? ஓரத்தில் வைத்தால் குழாய்ச் சுவரின் சூட்டைச் சொல்லும், நடுவில் வைத்தால்தான் காற்றின் சூட்டைச் சொல்லும். அங்கே ஏர் ப்ரீஹீட்டர் வைத்துக் காற்றைச் சூடாக்கி பாய்லருக்கு அனுப்பினோம், இங்கே அதே காற்றைக் குளிரவைக்கப் படாதபாடு படுகிறார்கள். வேலை தலைகீழ், ஆனால் அளவெடுக்கும் விதி ஒன்றுதான்.

இன்னொரு சுவையான பொருத்தம். நம் முதல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தது 1962இல். அமெரிக்காவில் டர்போ பூட்டிய முதல் பெட்ரோல் கார்கள் விற்பனைக்கு வந்ததும் அதே 1962இல்தான். அதில் ஒன்றான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் இன்டர்கூலர் கிடையாது. சூடான காற்றால் இன்ஜின் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டாங்கியில் ஊற்றிப் பீய்ச்சினார்கள். அந்த டாங்கியை நிரப்ப மறந்தவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. டர்போ வந்த நாளிலிருந்தே காற்றின் சூடுதான் தலைவலி.

சரி, இடம் மாற்றும் ஆசை எங்கிருந்து வருகிறது? தைப்பூசத்தன்று வடலூர் நான்குமுனைச் சந்திப்பில் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது அனுபவம். ஏசி ஓடுகிறது, வண்டி நகரவில்லை, பானெட்டுக்குள் அடுப்பு மாதிரி சூடு. இன்டேக் மேனிஃபோல்டும் அதில் பூட்டிய சென்சாரின் உடம்பும் சேர்ந்து காய்கின்றன. கூட்டம் கலைந்து வண்டி கிளம்பும்போது உள்ளே போகும் காற்று 50 டிகிரிக்கு வந்திருக்கும், சென்சார் இன்னும் 70 என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஈ.சி.யு. பயந்துபோய் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். காற்று உண்மையில் இருப்பதைவிட ஆறு சதவீதம் குறைவு என்று எண்ணிப் பெட்ரோலையும் குறைக்கும். ஆக்ஸிஜன் சென்சார் அதைச் சரிசெய்துவிடும், ஆனால் அதற்குள் வண்டி மந்தமாகத் தெரியும். மிதித்தால் இழுக்காது. அப்போதுதான் "சென்சாரை குளிர்ந்த இடத்துக்கு மாற்றிவிடு தம்பி" என்று யாராவது யோசனை சொல்வார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று நியாயமானது, இன்னொன்று சென்சாரை ஏமாற்றுவது.

நியாயமான வகையை முதலில் சொல்கிறேன். டர்போ இல்லாமல் தயாரான பழைய வண்டிக்குப் பிறகு டர்போ பூட்டுகிறார்கள். பழைய எஸ்டீம், ஹோண்டா சிட்டியில் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பல வண்டிகளில் கம்பெனி வைத்த சென்சார் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும். டர்போ வந்த பிறகும் அது அங்கேயே இருந்தால் 40 என்று சொல்லும், இன்ஜின் குடிப்பதோ 65 டிகிரிக் காற்று. அந்த வண்டியில் சென்சாரை இன்டர்கூலருக்குப் பின்னால், த்ராட்டிலுக்கு முன்னால் கொண்டுவந்தே ஆக வேண்டும். அதோடு ஈ.சி.யு.வின் கணக்கையும் அந்த இடத்துக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். இது வேண்டாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் உங்களில் பெரும்பாலோரிடம் இருப்பது கம்பெனியே டர்போ பூட்டிக் கொடுத்த வண்டி. அதில் சென்சார் ஏற்கெனவே இன்டர்கூலர் தாண்டித்தான் இருக்கும். பெரும்பாலும் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் சேர்த்து அளக்கும் டீ-மேப் சென்சாராக இருக்கும். சில ஃபோக்ஸ்வாகன் டி.எஸ்.ஐ. இன்ஜின்களில் இன்டர்கூலருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இன்டர்கூலர் வேலை செய்கிறதா என்று ஈ.சி.யு. பார்க்கும். அதில் ஒன்றை நகர்த்தினால் அந்த ஒப்பீடே கெட்டுப்போகும்.

நம் வளாகத்துத் தம்பி ஒருவரின் அனுபவத்தை அவர் அனுமதியோடு சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒர்க்‌ஷாப் பெயரும் வேண்டாம். வெளியூரில் ஓர் இடத்தில் சாஃப்ட்வேர் மாற்றி பவர் கூட்டினார்கள். அத்துடன் டீ-மேப்பின் வெப்பநிலை வயரை மட்டும் வெட்டி, முன் பம்பருக்குப் பின்னால் தனி சென்சார் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார்கள். ஸ்கேனரில் எப்போது பார்த்தாலும் 42, 43. பார்க்க அழகாக இருக்கிறது. வண்டியும் துள்ளியது. ஏப்ரல் மாதம் நான்கு பேர், ஏசி, தஞ்சாவூர் சாலையில் ஒரு லாரியை முந்தும்போது இன்ஜினில் கடகடவென்று சத்தம். பிரித்துப் பார்த்ததில் ஒரு பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் மூன்று வருட இஎம்ஐ பாக்கி இருக்கும் வண்டி.

சென்சார் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சாஃப்ட்வேருக்கும் பங்கு உண்டு. ஆனால் என்ன நடந்திருக்கும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். உண்மையில் காற்று 65, சென்சார் சொன்னது 42. ஈ.சி.யு. அதிகக் காற்று இருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் விட்டிருக்கும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் ஸ்பார்க்கில்தான். குளிர்ந்த காற்றுக்கு உரிய நேரத்தில், அதாவது முன்கூட்டியே, ஸ்பார்க் விழுகிறது. உள்ளே இருப்பது சூடான காற்று. மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கிறது. இதைத்தான் நாக்கிங் என்கிறோம். நாக் சென்சார் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது ஒரு காது மாதிரி. அடி விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அதனால் சொல்ல முடியும். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் முதல் சில அடிகள் பிஸ்டன் தலையில் விழுந்துவிடும்.

இதற்குத் தம்பி போன்ற ஒன்று ஆன்லைனில் விற்கிறது, "பெர்ஃபார்மன்ஸ் சிப்" என்று. சில நூறு ரூபாய். பிரித்துப் பார்த்தால் பலவற்றில் உள்ளே ஒரு ரெசிஸ்டர் மட்டும்தான். சென்சார் வயரில் சொருகிவிட்டால், கோடையோ மார்கழியோ, காற்று எப்போதும் குளிராக இருக்கிறது என்று ஈ.சி.யு.வை நம்பவைக்கும். காய்ச்சல்காரருக்கு தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்கிக் காட்டுவதுபோல. தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்படியானால் மந்தமாக ஓடும் வண்டிக்கு என்னதான் செய்வது? முதலில் இன்டர்கூலரைப் பாருங்கள். சுரங்கப் புழுதி, செம்மண், பூச்சி எல்லாம் அதன் துடுப்புகளில் அடைத்திருக்கும். முன் பம்பருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாலே பல வண்டிகளில் தெரியும். குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவலாம். துணி துவைக்கும் வேகத்தில் பிரஷ் போட்டால் துடுப்பு வளைந்துவிடும். அழகுக்காக முன் கிரில்லில் ஒட்டிய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டரை கம்பெனி சொன்ன கிலோமீட்டர் வரை விட்டுவைக்காதீர்கள், நம் ஊர்ப் புழுதிக்கு அதற்கு முன்பே மாற்ற வேண்டும். ரப்பர் ஹோஸ்களில் எண்ணெய்க் கசிவோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கும் தகரக் கவசத்தை ஏதாவது ரிப்பேரின்போது கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டாமல் விட்டிருப்பார்கள், அதையும் கேளுங்கள். இத்தனையும் செய்தாலே பெரும்பாலும் சென்சார் பேச்சு வராது.

சென்சாரையே சந்தேகப்படுகிறீர்கள் என்றால் அதற்கு எளிய சோதனை இருக்கிறது. ஓ.பி.டி. ஸ்கேனரை மாட்டி, இரவு முழுக்க நின்ற வண்டியில் விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போடுங்கள். காற்று வெப்பநிலையும் கூலன்ட் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக, வெளி வெப்பநிலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏதோ தவறு. பி0113 என்ற கோடு வந்தால் சென்சாரோ வயரோ திறந்திருக்கிறது, பி0112 வந்தால் ஷார்ட். பிறகு பத்து நிமிடம் நின்றபடி ஓடவிட்டு, அதன்பின் சீராக அறுபதில் ஓட்டுங்கள். ஓட்டுபவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் எண் மளமளவென்று இறங்கினால் சென்சார் நன்றாக இருக்கிறது. இறங்கவே இல்லை என்றால் இன்டர்கூலர் பக்கம் போங்கள்.

உண்மையிலேயே இடம் மாற்ற வேண்டிய பழைய வண்டிக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். பைப்பை வண்டியிலிருந்து கழற்றிய பிறகுதான் துளை போட வேண்டும். ஒரு சின்ன இரும்புத்தூள் உள்ளே போனாலும் சிலிண்டர் வரை போகும். இடம் நேரான பகுதியாக, டர்போவுக்கும் எக்ஸாஸ்டுக்கும் தள்ளி இருக்கட்டும். சென்சாரின் நுனி காற்றோட்டத்தின் நடுவுக்கு எட்ட வேண்டும். நுனி திறந்த வகையை வாங்குங்கள். பித்தளைக் குமிழுக்குள் மூடிய வகை மெதுவாகத்தான் பதில் சொல்லும். வெறும் ரப்பர் வளையத்தில் செருகினால் டர்போ அழுத்தத்தில் ஒருநாள் துப்பிவிடும், திருகிப் பூட்டும்படி செய்யுங்கள். வயர் நீளம் கூடுவதால் அளவு மாறாது, அந்தத் தடை ஓர் ஓமுக்கும் கீழே. முறுக்கிவிட்டு டேப் சுற்றும் இணைப்புதான் ஆபத்து. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். பழைய துளையை அடைக்க மறக்காதீர்கள். கடைசியாக, ஈ.சி.யு.வைத் திருத்தத் தெரிந்தவர் கையில் வண்டி போகும்வரை மெதுவாக ஓட்டுங்கள்.

சட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் புகை அளவு எல்லாம் இந்தச் சென்சார்களை நம்பித்தான் கணக்கிடப்பட்டிருக்கிறது. இன்சூரன்ஸ்காரர் கேட்கும்போது வெட்டிய வயரைக் காட்டிப் பேச முடியாது.

கார் நிறுத்துமிடத்தில் துளை போடுவது, சால்டரிங் செய்வது எதுவும் வேண்டாம். பக்கத்தில் இருபது ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. சங்கத்துக்காக வாங்கிய ஓ.பி.டி. ஸ்கேனர் காவலர் அறையில் இருக்கிறது. பெயரும் வீட்டு எண்ணும் எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், அன்று மாலையே திருப்பித் தர வேண்டும். எப்படி மாட்டுவது என்று தெரியாதவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், என்னைக் கீழே கூப்பிடுங்கள்.