கையெழுத்தும் ஒரு சாட்சியம்தான்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று தொகை பெறுவோரில் பலர் பொறியியல் படிப்பவர்கள். அவர்களில் சிவில் படிப்பவர்கள் சில வருடங்களில் "இந்தக் கட்டடம் உறுதியாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்துவிடுவார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் நாம் பேச நினைக்கிறோம்.

கும்பகோணத்தை நாம் மறக்க முடியாது. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு முந்திய நேரம். சத்துணவுச் சமையல் நடந்த இடத்தில் பிடித்த தீ, பள்ளிக்கூட மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கி ஓட இருந்தது குறுகலான படிக்கட்டு. எரிந்த கூரை பிள்ளைகள் மேலேயே விழுந்தது. 94 பிள்ளைகள் மவுத்தானார்கள்.

1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் அப்போதும் இருந்தது. அதன்படி இப்படிப்பட்ட கட்டடத்துக்குத் தாசில்தாரிடம் உரிமம் வாங்க வேண்டும். அதற்குப் பொறியாளரின் உறுதிச் சான்று வேண்டும். கும்பகோணம் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒரு பொறியாளரும் உண்டு. 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்தது. 2017இல் உயர் நீதிமன்றம் அவர்களில் பலரை விடுவித்தது. சட்டத்தின் கணக்கு அது. சட்டம் வந்து கேட்பதற்கு முன்பே, கையெழுத்துப் போடுகிறவரைத் தடுத்து நிறுத்துவது எது என்பதுதான் நம் கேள்வி.

டாக்டர் தவறினால் மெடிக்கல் கவுன்சில் இருக்கிறது. வக்கீலுக்கு பார் கவுன்சில். கட்டடக் கலைஞர்களுக்கு 1972இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பொறியாளர்களுக்கு அப்படி நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. உள்ளாட்சியில் செய்த பதிவை நீக்கலாம், அவ்வளவுதான். மிச்சம் இருப்பது அவர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறிமுறை. 1920இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனம் தன் உறுப்பினர்களுக்கு வைத்திருக்கும் நெறிமுறையின் சாரம் இது: மக்களின் பாதுகாப்பும் நலனும் முதலில், தனக்குத் தெரிந்த துறையில் மட்டுமே வேலை.

"வெறும் காகிதம்தானே" என்பார்கள். அரபி மதரஸாவில் ஓதிய நமக்கு இது புதிய பாடமா? அமானத் என்கிறோம். பொய்ச்சாட்சி பெரும்பாவம் என்று சிறுபிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். பார்க்காத கட்டடத்தைப் பார்த்ததாக எழுதிக் கொடுப்பதற்கு வேறு என்ன பெயர்?

ஆனால் பொறியாளரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் ஊர்களில் வீடு கட்டுவது யார்? சவூதியிலும் துபாயிலும் உழைத்து அனுப்பும் காசு. கட்டும் இடமோ பெரும்பாலும் நேற்றுவரை நஞ்சை. டெல்டாக் களிமண் தண்ணீர் பட்டால் உப்பும், சித்திரை வெயிலில் வாய் பிளக்கும். மண் பரிசோதனை செய்யச் சொன்னால், "எங்க வாப்பா காலத்துல எல்லாம் பார்த்தா கட்டினாங்க?" என்கிறார்கள் சிலர். வாப்பா கட்டியது ஓட்டு வீடு. பிள்ளை கட்டுவது மூன்று மாடி. ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் மூன்றாவதை ஏற்றிவிட்டு, "நீங்க வரவேணாம் தம்பி, கையெழுத்து மட்டும் போடுங்க" என்று கேட்டால், பொய்ச்சாட்சிக்கு ஆள் தேடுவது நாம்தான். மறுக்கிற பையனை "பிழைக்கத் தெரியாதவன்" என்று சொல்வதும் நாம்தான்.

பிள்ளைகளே, உங்களில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்து அதனால் வேலை போனால், அறக்கட்டளைக்கு வந்து சொல்லுங்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை துணை நிற்க நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளையைச் சேர்க்கும் முன் பள்ளிக்கூடத்தின் கட்டட உரிமம் எந்தத் தேதிவரை செல்லும், பொறியாளர் எப்போது நேரில் வந்து பார்த்தார் என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நம் மதரஸாவின் உரிமமும் உறுதிச் சான்றும் அலுவலகத்தில் இருக்கின்றன. லுஹருக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.