பிள்ளைக்கு என்ன வயசு?

(சந்தவாசலில் நடந்த மகளிர் குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று எவ்வளவோ பேசிவிட்டோம். இன்று நம் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் நம் தப்பை நாமே ஒத்துக்கொள்வோம். எங்கள் குழுவில் ஒரு அக்கா மகள் கல்யாணத்துக்குக் கடன் கேட்டாங்க. கொடுத்தோம். வட்டி, தவணை எல்லாம் பேசினோம். பிள்ளைக்கு என்ன வயசுன்னு மட்டும் யாரும் கேட்கலை. பதினாறு. அடுத்த வருஷமே கர்ப்பம். ரத்தக் குறைவு, எடை குறைந்த குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்ததே பெரிசு. கடன் ஒழுங்காகக் கட்டி முடிஞ்சுது. அந்தப் பிள்ளையின் படிப்பு திரும்பி வரலை.

இது நம் மலையடிவாரத்தில் மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 6 பேர் தாயாகிவிட்டார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். 2015-16ல் இது 5. குறைய வேண்டியது கூடியிருக்கிறது.

நாம் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. வெளியூர் வேலைக்குப் போகும்போது வயசுக்கு வந்த பிள்ளையை யாரிடம் விடுவது என்ற பயம்தான். ஆனால் வளராத உடம்பில் பிரசவம் என்றால் வலிப்பு, நோய்த் தொற்று ஆபத்து அதிகம். பயத்துக்கு மருந்து தாலி இல்லை.

பணக்கார நாடான இங்கிலாந்திலும் இந்தக் கவலை இருந்தது. 1998ல் 15 முதல் 17 வயதுப் பெண்கள் 1000 பேரில் சுமார் 47 பேர் கர்ப்பமானார்கள். 1999ல் அரசாங்கம் திட்டம் போட்டது. பள்ளியில் உடம்பைப் பற்றிப் பாடம், கூச்சமில்லாமல் போய்க் கேட்க மருத்துவ இடம், குழந்தை பெற்ற பிள்ளையும் திரும்பப் படிக்க உதவி. 2018ல் அது சுமார் 17 ஆகக் குறைந்தது. திட்டிக் குறைக்கலை, சொல்லிக்கொடுத்துக் குறைச்சாங்க.

2006ஆம் வருஷச் சட்டப்படி குழந்தைத் திருமணம் நடத்துபவருக்கு 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். நம் அரசும் 2022ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் மேற்படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் என்று ஆக்கியது. கல்யாணப் பணம் படிப்புப் பணமாச்சு. நம் குழு மட்டும் ஏன் மாறக் கூடாது?

தீர்மானப் புத்தகத்தில் மூன்று வரி எழுதுவோம்:

1. பிறப்புச் சான்று பார்க்காமல் கல்யாணக் கடன் இல்லை.

2. பெண் பிள்ளையின் படிப்புக் கடனுக்கு முதல் இடம்.

3. சின்ன வயசுக் கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால் முதலில் அந்த அம்மாவிடம் போய்ப் பேசுவோம். கேட்கவில்லை என்றால் 1098க்குச் சொல்லுவோம்.

ஏற்கெனவே கர்ப்பமான பிள்ளையை ஏசாதீங்க, ஒளிச்சும் வைக்காதீங்க. கிராம சுகாதார செவிலியரிடம் கூட்டிப் போங்க. உயிர் முதல்ல, மானம் அப்புறம்.

சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள்.