ஏன் என்று கேட்ட சுவாமி

(பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடுதலை இறையியல் என்றதும், படித்தவர்கள் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். பெரு நாட்டில், லீமா நகரத்து ஏழைகள் நடுவே பங்குப்பணி செய்த குஸ்தாவோ குத்தியேரஸ் சுவாமி 1971-ல் அந்தப் பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். வறுமை தலைவிதி அல்ல, மனிதர் உண்டாக்கியது, மனிதரே மாற்ற வேண்டியது என்பது அதன் சாரம். பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றுவது தர்மம். அவன் ஏன் பசித்திருக்கிறான் என்று கேட்பதும் விசுவாசியின் கடமை. மோயீசன் எகிப்து அடிமைகளுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்துவிட்டுத் திரும்பவில்லை. பார்வோன் முன் நின்று வழக்காடினார்.

அப்படி வழக்காடிய ஒருவர் நம் தமிழ் மண்ணிலும் பிறந்தார். திருச்சிக்கு அருகே விரகாலூரில் 1937-ல் பிறந்த ஸ்டான் சுவாமி, 1957-ல் சேசு சபையில் சேர்ந்தார். இளந்துறவியாகச் சாய்பாசாவில் பள்ளிப் பணி செய்த நாட்களில், ஆதிவாசிகள் சந்தைக்குக் கொண்டுவந்த பொருள்களை வியாபாரிகள் ஏமாற்றி வாங்குவதைக் கண்டார். மிளகாய் மூட்டையோடு கமிஷன் கடை வாசலில் நின்ற நமக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டுமா?

அந்தச் சந்தையின் கேள்வி அவரை விடவில்லை. பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராக இருந்து, பின்பு ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடமே போனார். கனிமம் நிறைந்த நிலத்தின் மக்கள் ஏன் ஏழைகள் என்று கேட்டார். விசாரணையின்றிச் சிறையில் வாடிய இளைஞர்களுக்காக உயர்நீதிமன்றம் ஏறினார்.

2020 அக்டோபர் 8-ல், 83 வயதில், பீமா கோரேகாவ் வழக்கில் கைதானார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். நடுக்கு நோயால் தம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. ஜாமீன் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5-ல் மும்பை ஆஸ்பத்திரியில், விசாரணைக் கைதியாகவே கண்மூடினார். அதுவரை ஆதிவாசிக் கிராமங்கள் அறிந்திருந்த பெயரை அதன்பின் உலகம் அறிந்தது.

அன்பர்களே, பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு என்றால் கொடியும் தோரணமும் மட்டுமா? கைமாறிப் போன நிலம் உரியவனிடம் திரும்பும் ஆண்டு. அடிமை வீடு திரும்பும் ஆண்டு. நம் கோயிலுக்கு வர்ணம் பூசினோம், சந்தோஷம். வட்டியில் காட்டை இழந்தவர் நம்மில் யார்? முன்பணம் வாங்கி, கரிமூட்டத்தை விட்டு வர இயலாதவர் யார்? சாதியால் கடைசி வரிசையில் நிற்பவர் யார்? இந்தக் கேள்விகளைப் பங்குப் பேரவையில் எழுப்புவோமானால், அன்றுதான் நமக்கு மெய்யான யூபிலி.

இறைவன் அதற்குத் துணிவு தருவாராக.